எங்க மகால்ல யாரும் விழறதில்ல

அந்த பாட்டிலை மூடி வைங்க தம்பி. தரையில ஊத்திடாதீங்க. நீங்க ஊத்தி, அது காஞ்சு, அந்த இடம் மட்டும் சொரசொரன்னு நின்னுச்சுன்னா முதலாளிக்கு நான்தான் பதில் சொல்லணும். இந்தாங்க, இந்த நாற்காலியில உக்காருங்க. ஆடி மாசம், மகால்ல ஒரு விசேஷம் கிடையாது, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம நானும் சும்மாத்தான் இருக்கேன். வாங்குறது வாங்காதது ரெண்டாவது. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க.

என் வீட்டுக்காரி தவமணி இன்னைக்கு மக வீட்டுக்குக் கிளம்புறா. மக சேலத்துல இருக்கா. கார் அனுப்பியிருக்காங்களாம், வந்துக்கிட்டிருக்கு. அதுவரைக்கும் நமக்கு நேரம் இருக்கு. போகாதேன்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். காலையில எந்திரிச்சதும் சொன்னேன், இப்ப நீங்க வர்றதுக்கு முன்னாலயும் சொன்னேன். காதுல போட்டுக்கிட்டாத்தானே.

சரி, நீங்க சொன்னது என்ன? வழுக்காத மருந்து. தரையில பூசிட்டா எண்ணெய் கொட்டினாலும் தண்ணி கொட்டினாலும் கால் நிக்கும். அப்படித்தானே? நல்ல சாமான்தான், நான் ஒண்ணும் சொல்லலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ஓட்டலுக்குக் கொண்டு போங்க, அங்க கை கழுவுற இடமெல்லாம் கொழகொழன்னு கிடக்கும். எங்களுக்கு எதுக்கு? எங்க மகால்ல யாரும் விழறதில்ல. நான் இங்க மேனேஜரா வந்த நாள்லேருந்து ஒரு புகார் கிடையாது தம்பி. உங்க தரையில விழுந்தேன்யான்னு ஒரு ஆள் வந்து என் மேஜைக்கு முன்னால நின்னதில்ல. துறையூர்ல எவரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

நம்பலைன்னு உங்க முகமே சொல்லுது. வழுக்காதுன்னு நான் சொன்னேனா? வழுக்கும். பந்திக்குப் பந்தி இலை எடுக்கறப்ப ரசம் சிந்தும், பாயசம் சிந்தும். அடுத்த பந்திக்காரங்க சாப்பிடறவங்க முதுகுக்குப் பின்னாலயே வந்து இடம் பிடிச்சு நிப்பாங்க, அவங்க காலுக்கு ஊடால மாப்பை விட்டுத் துடைக்கணும். காய விட நேரம் எங்க இருக்கு? அதுல யாராச்சும் உக்காந்துருவாங்க. உக்காந்துட்டாங்கன்னுதான் சொல்லணும். விழுந்தாங்கன்னு கல்யாண வீட்டுல வாயைத் திறக்கக் கூடாது. மாப்பிள்ளையோட தாய்மாமன் சந்தனக் கிண்ணத்தோட மல்லாக்கப் போவாரு. நாலு பேர் தூக்கி நிறுத்துவாங்க. அவரே வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு, 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ம்பாரு. இடுப்பு பேந்திருக்கும். ஆனா சொல்ல மாட்டாரு. சொன்னா சகுனம் ஆயிரும். நாளைக்கு அந்த வீட்டுல ஒரு பால் திரிஞ்சாலும், தாலி கட்டறப்பவே மாமன் விழுந்தாரேன்னு அந்தப் பொண்ணு தலையிலதான் விடியும். யாருக்குத் தம்பி மனசு வரும்? அவங்கவங்க ஊருக்குப் போயி தைலம் தேய்ச்சு நீவிக்குவாங்க. அதைத்தான் சொல்றேன், புகாரே கிடையாது.

சத்தம் கேட்டுட்டா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அதுக்கும் வழி இருக்கு. முகூர்த்த நேரத்துல யாராச்சும் தும்மினாலும், குழந்தை வீறிட்டாலும், தட்டு கீழ விழுந்தாலும் கெட்டிமேளம் அடிச்சு அமுக்கிடுவாங்க. இது ஊர் உலகத்துல உள்ளதுதான். என்கிட்ட அது இன்னும் கொஞ்சம் சுத்தமா நடக்கும், அவ்வளவுதான். மேளக்காரங்க எல்லாரும் எனக்குப் பழக்கம். பொத்துன்னு எங்கயாச்சும் சத்தம் கேட்டுச்சுன்னா நான் வலது கையைத் தூக்குவேன். தூக்கின கை இறங்குறதுக்குள்ள தவில் பேச ஆரம்பிச்சிரும். மேடையில இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. பெத்தவங்க எத்தனை பேர் கல்யாணம் முடிஞ்சு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஒரு குறை இல்லாம நடத்திக் குடுத்தீங்க'ன்னு கண் கலங்கியிருக்காங்க தெரியுமா?

தரையைப் பாருங்க. பார்த்தீங்களா, உங்க சட்டைப் பித்தான் வரைக்கும் தெரியுது. கறுப்பு கிரானைட். முதலாளி ஆசைப்பட்டுப் போட்டது. ஆனா கல்லு போட்டா மட்டும் இப்படி வராது தம்பி. பக்கத்து மகால்லயும் இதே கல்லுதான், போயிப் பாருங்க, அடுப்புக்கரி பூசின மாதிரி கிடக்கும். இது என் கைப்பக்குவம். துடைக்கிற தண்ணியில தேங்காயெண்ணெய் ரெண்டு மூடி விடுவேன். கடைசித் தண்ணியில. காவித் தரைக்கு எங்க வீட்டுல அப்படித்தான் செய்வாங்க, அதை நான் கிரானைட்டுக்குக் கொண்டு வந்தேன். மேல சரவிளக்கைப் போட்டீங்கன்னா கீழயும் ஒரு சரவிளக்கு எரியும். வீடியோக்காரங்க இதுக்காகவே இந்த மகாலை எடுங்கன்னு பார்ட்டிக்குச் சொல்லி விடறாங்க.

சிரிக்காதீங்க. எண்ணெய் ஊத்தினா வழுக்காதான்னுதானே கேக்குறீங்க? ரெண்டு மூடி தம்பி. தொட்டி நிறைய தண்ணிக்கு ரெண்டே மூடி. அது எந்த மூலைக்கு?

நானும் ஏற்பாடு பண்ணாம இல்ல. முதலாளியோட மருமகப் பிள்ளை வெளிநாட்டுலேருந்து வந்தவரு ஒரு மஞ்சப் பலகை வாங்கிக் குடுத்தாரு, ஈரத்தரை ஜாக்கிரதைன்னு. அதுல ஒருத்தன் காலை மேல தூக்கிக்கிட்டு விழுந்துக்கிட்டிருக்கான். அதை வாசல்ல வச்ச அன்னைக்கே ஒரு பெரியவர் வந்து குதிச்சாரு. 'என் பேத்தி கல்யாணத்துக்கு வாசல்ல விழறவன் படத்தையாய்யா வச்சு வரவேற்கிற?'ன்னாரு. நியாயம்தானே? அதுக்கு மேல ஒரு மாலையைப் போட்டு மறைச்சேன். மாலை போட்டதும் செத்தவன் படம் மாதிரி ஆயிருச்சு. அதுக்கும் சண்டை. இப்ப அது மோட்டார் ரூம்ல கிடக்கு. ரப்பர் விரிப்பும் வாங்கிப் போட்டேன். வீடியோக்காரர் வந்ததும் முதல் வேலையா அதைச் சுருட்டி ஓரமா வச்சுட்டாரு, விளக்கு விழலையாம். என்னைக் குத்தம் சொல்லாதீங்க. நான் செய்யறதெல்லாம் செஞ்சாச்சு.

மோர் உப்புப் பத்துதா?

போன ஆவணியில என் மகளுக்கு இங்கதான் கல்யாணம். ஹேமா. ஒரே மக. முதலாளி மகாலைச் சும்மாவே குடுத்தாரு, உன் பொண்ணு எனக்கும் பொண்ணுதான்யா, நடத்திக்கன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் தேய்ச்ச தரை, என் மக கல்யாணத்துக்கு எப்படி இருக்கணும்? துடைக்கிற பொம்பளைங்களை விடலை. நானே மண்டி போட்டுத் தேய்ச்சேன். எண்ணெயும் கூடக் கொஞ்சம் விட்டேன். காலையில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உள்ள வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. சம்பந்தியம்மா குனிஞ்சு தரையைப் பார்த்து நெத்திப் பொட்டைச் சரி பண்ணிக்கிட்டாங்க. பொய்யில்ல. எனக்கு அன்னைக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

முகூர்த்தம் நெருங்கிருச்சு. தாலித்தட்டு சபையெல்லாம் சுத்தி ஆசீர்வாதம் வாங்கிட்டு மேடைக்கு வந்துருச்சு. முன்வரிசைக்கு அட்சதை பத்தலைன்னு யாரோ சொல்லவும், தவமணி உள்ள போயி இன்னொரு தட்டு எடுத்துக்கிட்டு வேகமா வர்றா. நான் மேடைக்குக் கீழ மேளக்காரங்க பக்கத்துல ஐயரைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். எனக்குப் பின்னால பொத்துன்னு ஒரு சத்தம். தட்டு உருண்டு போற சத்தம். 'ஐயோ அம்மா'ன்னு பாதிக் குரல். பாதிதான் கேட்டுச்சு.

நான் திரும்பலை தம்பி. கையைத் தூக்கிட்டேன். இத்தனை வருஷப் பழக்கம், அது என்னைக் கேட்டா தூக்குது? யாருன்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது. தவில் இடி மாதிரி எழும்பிருச்சு. ஐயர் இன்னும் கெட்டிமேளம்னு சொல்லவே இல்ல. மாப்பிள்ளை தாலியைக் கையில வச்சுக்கிட்டு எப்பன்னு இருந்தவரு, மேளம் கேட்டதும் கட்டிட்டாரு. நல்ல நேரத்துக்குள்ளதான், ஒண்ணும் கெட்டுப் போகலை. ஐயரும் அடுத்த மந்திரத்துக்குப் போயிட்டாரு. எல்லாரும் அட்சதை போட்டாங்க, நானும் போட்டேன். போட்டுட்டுத் திரும்பினா தவமணி தரையில உக்காந்திருக்கா. ரெண்டு பொம்பளைங்க கக்கத்துல கை குடுத்து நாற்காலிக்கு ஏத்துறாங்க. சுத்தியும் மஞ்சள் அரிசி.

ஓடிப் போயி குனிஞ்சு, 'ஒண்ணுமில்லல்ல?'ன்னேன்.

'கால் அசைய மாட்டேங்குதுங்க'ன்னா.

'அசைக்காத. அப்படியே உக்காந்திரு. பொண்ணு கிளம்புற வரைக்கும் சிரிச்ச முகமா இரு, யாரும் கேட்டா முட்டி வலின்னு சொல்லு'ன்னேன். வேற என்ன சொல்றது? நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?

உக்காந்திருந்தா தம்பி. என் பொண்டாட்டியைப் பத்தி நானே சொல்லக் கூடாது, அந்த மாதிரி ஒரு பொம்பளையை நான் பார்த்ததில்ல. சாயங்காலம் பொண்ணு கார் ஏறுற வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கலை. சாப்பாட்டை அங்கயே கொண்டுபோய்க் குடுத்தேன், இலையை மூடிட்டா. வந்தவங்களுக்கெல்லாம் உக்காந்தபடியே கும்பிடு. பொண்ணும் மாப்பிள்ளையும் கால்ல விழுந்து எந்திரிச்சப்ப, 'ஏம்மா இப்படி வேர்த்திருக்கே?'ன்னு ஹேமா கேட்டா. 'புழுக்கம்டி, நீ போ, நேரமாச்சு'ன்னா. குரல் கொஞ்சம் கூடப் பிசிறலை. கார் வளைவுல திரும்பினதும்தான் நாற்காலியோட சாஞ்சா.

ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் சின்னப் பையன், என்னைப் பிடிச்சுக் கத்துறான். இடுப்பெலும்பு உடைஞ்சதை வச்சுக்கிட்டு காலையிலேருந்து உக்கார வச்சிருந்தீங்களான்னு. அவனுக்குக் கல்யாணம் ஆச்சோ என்னவோ, பொண்ணைப் பெத்தவன் கஷ்டம் அவனுக்கு என்ன தெரியும்? ஆபரேஷன் பண்ணினாங்க, பிளேட் வச்சாங்க. சேரலை. திரும்ப ஒரு தடவை பண்ணினாங்க. இப்ப அந்தக் கால் ஒரு விரக்கடை குட்டை. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு ரூமுக்குள்ள நாலு எட்டு வைப்பா, அவ்வளவுதான். இனிமே இவ்வளவுதான்னு டாக்டரே கையை விரிச்சுட்டாரு.

எனக்கு வருத்தம் இருக்காதா? இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. புதுப்பட்டு, கஞ்சி முறுமுறுன்னு இருக்கு, கரை காலுக்குள்ள மாட்டும். கையில தட்டு. அவசரம். வேற யார்கிட்டயாவது தட்டைக் குடுத்து அனுப்பியிருக்கலாம்ல? எல்லாத்தையும் தானே செய்யணும்னு ஒரு புத்தி அவளுக்கு. இதுல தரை என்ன பண்ணுச்சு?

ஆனா ஒண்ணு தம்பி. அன்னைக்கு சபையில ஒரு ஈ காக்காவுக்கும் தெரியலை. சம்பந்தி வீட்டுக்கு இன்னைக்கு வரைக்கும், கல்யாணம் முடிஞ்ச மறுநாள் பஸ்ல தவறிட்டான்னுதான் கணக்கு. மாப்பிள்ளைக்கும் அதேதான். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். என் மக வாழ்க்கையில ஒரு சொல் விழக் கூடாது பாருங்க.

ஹேமாவுக்கும் தெரியாதுன்னுதான் நினைச்சிருந்தேன். ஒரு நாள் போன்ல அவ அம்மாகிட்டப் பேசி முடிச்சுட்டு, அப்பாகிட்டக் குடுன்னு சொல்லியிருக்கா. 'நான் மேடையிலேருந்து பார்த்துக்கிட்டுத்தான்ப்பா இருந்தேன்'ங்குறா. 'சபையைப் பார்த்துத்தானே உக்கார வச்சிருந்தீங்க? அம்மா விழுந்ததைப் பார்த்தேன். எந்திரிக்கப் போனேன். அதுக்குள்ள நீங்க கையைத் தூக்கிட்டீங்க. அம்மா கத்தினது யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு அடிச்ச மேளத்துலதான்ப்பா எனக்குத் தாலி ஏறியிருக்கு'ங்குறா. என்ன பேச்சு இது? நல்ல நேரத்துக்குள்ள கட்டின தாலிம்மா, மனசுல எதையும் வச்சுக்காதேன்னேன். வச்சுட்டா போனை. அதுக்கப்புறம் அம்மாவோட மட்டும்தான் பேச்சு.

இப்ப மாசமா இருக்கா. தலைப்பிரசவம். தாய்வீட்டுலதானே பார்க்கணும், அதுதானே முறை? வளைகாப்பு முடிச்சு நாங்க கூட்டிக்கிட்டு வரணும். அவ சொல்லிட்டா. 'அந்தத் தரையை மாத்துங்க, நான் வர்றேன். இல்லைன்னா வயித்துப் பிள்ளையோட அந்த ஹாலைத் தாண்டி வர மாட்டேன்'னுட்டா. எங்களுக்கு இருக்கறது இந்த ஹாலுக்குப் பின்கட்டுல ரெண்டு ரூமு. ஹாலைத் தாண்டாம வரணும்னா சமையக்கட்டுப் பக்கம் சேத்துல சுத்தி வரணும், மாசமா இருக்கறவ அதுல எப்படி வர்றது? தவமணியும் அதையே பிடிச்சுக்கிட்டா. தரையை ஏதாச்சும் பண்ணுங்க, எம்புள்ள வரட்டும்னு கேட்டா. ரெண்டு மாசமா வேற பேச்சே இல்ல எங்களுக்குள்ள. போன வாரம் கேக்கறதை நிறுத்திட்டா. நானே அங்க போறேன்னுட்டா. மக பிரசவத்துக்கு மாப்பிள்ளை வீட்டுல போயித் தங்குற அம்மாவை எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? அதுவும் வாக்கரோட. அவளால ஒரு தண்ணி மோந்து குடுக்க முடியுமா?

என்ன கேக்குறீங்க? முதலாளிகிட்டச் சொல்லலாமேவா?

என்னன்னு சொல்றது தம்பி? மருந்து பூசணும்னு சொன்னா எதுக்குன்னு கேப்பாரு. வழுக்குதுன்னு சொல்லணும். யாரு விழுந்தான்னு கேப்பாரு. இத்தனை வருஷமா நான் அவருக்குச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், நம்ம தரையில குறை கிடையாதுன்னு. அவரு மருமகப் பிள்ளை பலகை கொண்டு வந்தப்பவே மூஞ்சிக்கு நேரா சொன்னவன் நான். இப்பப் போயி, ஐயா, என் பொண்டாட்டிதான் விழுந்தா, நான்தான் எண்ணெய் விட்டுத் தேய்ச்சேன்னா சொல்றது? தவமணி விழலை தம்பி. உக்காந்தா. நான் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். இன்னைக்கு உங்க மருந்தைப் பூசினேன்னு வைங்க, அவ விழுந்தான்னு ஆயிரும்.

இல்ல, நீங்க இலவசமா ஒரு ஓரத்துல பூசிக் காட்டுறேன்னாலும் வேண்டாம். நல்ல மனசு உங்களுக்கு. வேண்டாம்.

குழந்தை பொறந்து மூணு மாசத்துல வந்துருவா. வராம எங்க போவா? முப்பது வருஷமா இந்தக் கையால வச்ச காப்பியைத்தான் குடிச்சுக்கிட்டிருக்கா, படுத்த நாள்லேருந்து நான்தான் எல்லாம். ஆனா பாருங்க, பிரசவம் பார்க்கப் போறவ இருக்கற துணி அத்தனையும் பெட்டியில அடைச்சிருக்கா. எங்க அம்மா குடுத்த குங்குமச் சிமிழையும் எடுத்து வச்சுட்டா. ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் எடுத்துக்கிட்டா. அந்தக் கல்யாணப் பட்டு மட்டும் கொடியிலேயே தொங்குது. மறந்துட்டா போல. எடுத்துக் குடுத்தேன், பெட்டியை மூடிட்டா. எடை கூடுதுன்னு நினைச்சிருப்பா.

ஹாரன் சத்தம். கார் வந்துருச்சு.

தவமணி, கார் வந்துருச்சு. ரூம் கதவைத் திறக்கவா?

இருங்க தம்பி, போயிராதீங்க. ஒரு கை குடுங்க. அவளை நாற்காலியோட தூக்கித்தான் கொண்டு போகணும். இந்த ஹால் வழியா போனா வாசல் இதோ இருக்கு, நாற்காலியைத் தள்ளினாலே போதும், நம்ம தரையில அப்படியே போயிரும். அதுக்கு ஒத்துக்க மாட்டேங்குறா. சமையக்கட்டுப் பக்கமா சுத்திக்கிட்டுப் போகணுமாம். அங்க பாத்திரம் கழுவின தண்ணி தேங்கிச் சேறும் சகதியுமா கிடக்கு, கல்லு வேற. அது பரவாயில்லையாம். சரி, அவ இஷ்டப்படியே போவோம், கிளம்புறப்ப எதுக்கு மனஸ்தாபம். நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, நான் இந்தப் பக்கம் பிடிச்சுக்கிறேன்.

என்ன தவமணி? என்னா?

நான் பிடிக்க வேண்டாமாம் தம்பி. வெளிய போயி டிரைவரைக் கூப்பிட்டு வரச் சொல்றா. நீங்களும் அவருமாத் தூக்கினாப் போதுமாம்.

சரி, அதுவும் நல்லதுதான். எனக்கும் முட்டி அவ்வளவு சரியில்ல. நீங்க மெதுவாத் தூக்கிட்டு வாங்க. நான் முன்னால போயி கார் கதவைத் திறந்து வைக்கிறேன்.